சங்கிலிக்கே சோதனை வைத்த லாம்ப்டன்

படி சிறுத்திருந்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் நெல் குறையத்தான் செய்யும். அளப்பவர் நேர்மையானவர்தான், ஆனால் படியின் குறை கணக்கில் ஏறிவிடும்.

இதை ஒரு நாளும் மறவாமல் தென்னாட்டை அளந்தவர் கர்னல் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பட்டாளத்தில் சேர்ந்து, 1796-ல் இந்தியா வந்தார். 1799-ல் மைசூர்ப் போரில் பங்கு கொண்டார். போர் ஓய்ந்ததும், நாட்டைத் துல்லியமாக அளக்க ஒரு திட்டம் வகுத்தார். சென்னை சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது.

பரங்கிமலையில் ஆரம்பம்

1802 ஏப்ரல் மாதம். பரங்கிமலை அருகே 7½ மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார்.

தரையில் அளப்பது இந்த ஒரு கோடுதான். பிறகு மலைகளையும் கோபுரங்களையும் முனைகளாகக் கொண்டு முக்கோணங்கள் அமைப்பார்கள். கோணங்களை மட்டும் அளந்து, மற்றத் தூரங்களைக் கணக்குப் போட்டு அறிவார்கள். ஆகவே, முதல் கோட்டில் பிழை இருந்தால் அது எல்லா முக்கோணங்களுக்கும் பரவிவிடும்.

அளந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டு போகப்பட்டு, அவர் ஏற்காததால் கல்கத்தா வந்து சேர்ந்த சங்கிலி அது!

வெயிலும் தேய்மானமும்

எஃகு வெயிலில் நீளும். பாரன்ஹீட் கணக்கில் ஒரே ஒரு டிகிரி உஷ்ணம் தவறினால் போதும். அந்த 7½ மைலில் ஏறக்குறைய 3 அங்குலம் பிசகும். எனவே, சங்கிலிக்குக் கூடாரம் போட்டு நிழல் தந்தார். உஷ்ணமானிகளை வைத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்.

இழுத்து இழுத்து அளந்தால் சங்கிலியின் இணைப்புகள் தேயும், நீளம் கூடும். அதற்கும் வழி கண்டார். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தார்.

இத்தனையும் செய்த பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை நேரடியாக அளந்தார். சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 3.7 அங்குலமே!

தஞ்சையில் விபத்து

1808-ல் பெரும் சோதனை வந்தது. கோணம் அளக்கும் கருவியின் எடை சுமார் அரை டன். தஞ்சைக் கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்துவிட்டது.

லாம்ப்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தார். ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு, ஆறு வாரத்தில் அதைச் சிறுகச் சிறுக நிமிர்த்தினார்.

1815-க்குள் கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாடு அநேகமாக முழுவதும் அவருடைய முக்கோண வலைக்குள் வந்தது. தஞ்சைக்குத் தெற்கே, தொண்டைமான் மன்னர் ஆண்ட புதுக்கோட்டைச் சீமையும் அதில் அடங்கியது.

1823 ஜனவரியில், வடக்கே வேலைக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்ப்டன் காலமானார். அப்போது அவருக்கு வயது 70 இருக்கும்.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-களில் சங்கிலியையே கைவிட்டார். பித்தளையும் இரும்பும் இணைந்த புதுவகை அளவுகோல்களைக் கொண்டுவந்தார். வெயில் ஏறினாலும் அவற்றின் அளவு மாறாது. அளவுகோலை நம்புமுன் அதைச் சோதிக்க வேண்டும் என்று லாம்ப்டன் காட்டிய வழியில், அது அடுத்த படி.