எத்தரப்புக் குற்றமும் குற்றமே: ராஜினி திராணகம

1954இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜினி, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை வகித்தவர். தொடக்கத்தில் புலிகளை ஆதரித்துப் பின்னர் விலகினார். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, போராளி இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பினரின் குற்றங்களையும் ஒரே அளவுகோலால் பதிவுசெய்தார். அமைதிப்படையினரின் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களின் துயரையும் எழுதினார். சக ஆசிரியர் மூவருடன் ‘முறிந்த பனை’ நூலை உருவாக்கினார்.

1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 35. புலிகள்மீது குற்றம் சாட்டப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

சாதி வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் மிரட்டப்படுவதை நாம் அறிவோம். போரிலும் குற்றவாளியைக் காப்பது சாட்சியின் மௌனமே. பிள்ளைச்சாவடி மாணவர்களும் நாமும் ராஜினியிடம் கற்க வேண்டியது இதுவே: நம் தரப்பின் குற்றத்தை மறைத்துவிட்டு நீதி கேட்க இயலாது.