ஓட்டுவதற்கு முன் கழற்றியவர்

எங்கள் திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் காலையில் சற்று நின்றால் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயாது. அதைத் திரும்பிப் பார்ப்பவர் யாருமில்லை. நூறாண்டுகளுக்கு முன்போ, அத்தகைய வண்டி ஒன்றைக் கண்டு ஒரு கிராமத்து வாலிபர் வியந்து நின்றார். அவரே பின்னாளில் கோவையின் விஞ்ஞானி என்று புகழ்பெற்ற ஜி.டி. நாயுடு.

அவர் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் பற்றவில்லை. (எங்கள் ஆசிரியைகள் இந்த வரியை மட்டும் மன்னிப்பார்களாக!) அவர் பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்பு, 1885-ல், ஜெர்மனியில் டைம்லர் என்பவர் மரச்சட்டத்தாலான இருசக்கர வண்டியில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார். 1894-ல் மியூனிக் நகரில் இத்தகைய வண்டிகளைச் செய்து விற்கலாயினர். பின்னர் இங்கிலாந்தின் சைக்கிள் கம்பெனிகள் பலவும் இத்தொழிலில் இறங்கின. கவென்ட்ரி நகரத்து ரட்ஜ் அவற்றுள் ஒன்று.

அந்த ரட்ஜ் வண்டியில்தான் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வந்தார். மாடுமில்லை, குதிரையுமில்லை, வண்டி தானே ஓடுகிறது! வாலிபருக்கு ஆசை பற்றிக்கொண்டது. கையில் காசு ஏது? கோவைக்குச் சென்று ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்றாண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்து, அந்த அதிகாரியிடமே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்திருப்பார் என்றே நாம் நினைப்போம். அவரோ வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் எங்கே கலக்கின்றன, பொறி எங்கே விழுகிறது, பிஸ்டன் எப்படித் தள்ளப்படுகிறது, அந்த விசை எவ்வழியே பின் சக்கரத்தை அடைகிறது என்பதையெல்லாம் கையால் தொட்டே அறிந்தார். பிறகு மீண்டும் பூட்டினார். சொல்லித்தர ஆசிரியர் இல்லை, வண்டியே பாடநூல். இவ்வாறு மெக்கானிக் ஆனவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அதுவே பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்.

பட்டம் பெறாத அவர் 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்றின் முதல்வரானதுதான் வேடிக்கை! நான்காண்டுப் படிப்பு வேண்டியதில்லை, இரண்டே போதும் என்று வாதிட்டார். ஆங்கில அரசு இணங்காததால் பதவியைத் துறந்தார். நான்காண்டு வீணா என்பதில் எங்கள் வகுப்பில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

1952-ல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தர முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் சாலைக்கு வராமலே போனது எங்களுக்குப் பெருங்குறையே. மூன்றாண்டுகள் கழித்து, 1955-ல், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியது. சாப்பாடு பரிமாறி ஒரு சீமை வண்டியை வாங்கியவர், தம் மாநிலத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் உருவாகும் காலத்தையும் கண்டு, 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார்.