கைத்துப்பாக்கிக் குண்டுக்குப் புது வடிவம் தந்த எல்மர் கீத்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1899-ஆம் ஆண்டு பிறந்த எல்மர் கீத், ஐடஹோவில் பண்ணையாளராகவும் வேட்டை வழிகாட்டியாகவும் வாழ்ந்தவர்.

அதிக மருந்திட்ட தோட்டாவைச் சுட்டபோது அவரது .45 ரகச் சுழல்துப்பாக்கி வெடித்தது. எனவே, தோட்டா அறைச் சுவர் தடித்த .44 ரகத்திற்கு மாறினார்.

கைத்துப்பாக்கிக் குண்டின் வேகம் குறைவு. உடலுள் அது விரியும் என நம்ப இயலாது. ஆழமாகப் பாயாவிடில் விலங்கு காயத்துடன் தப்பித் துன்புற்று மடியும். ஆகவே, தட்டையான அகன்ற முனையும் கூரிய தோள்விளிம்பும் கொண்ட, ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை 1920-களின் இறுதியில் வடிவமைத்தார்.

அவரது இடைவிடாத வலியுறுத்தலின் பயனாக 1955-இல் .44 மேக்னம் அறிமுகமானது. 1984-இல் கீத் மறைந்தார்; அவ்வடிவம் இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.