பாஸ்டரின் பிற்கால வாழ்வு

லூயி பாஸ்டர் என்றதும் நம் மாணவர் நினைவுக்கு வருவன சில உண்டு. பாலைச் சூடாக்கிக் கெடாது காக்கும் முறைக்கு அவர் பெயர் இடப்பட்டமை ஒன்று. நுண்கிருமிகளே தொற்றுநோய்களுக்குக் காரணம் என நிறுவிய பெருமை மற்றொன்று. விசர்நாய்க் கடிக்கு மருந்து கண்டமை யாவற்றினும் மேலானது. பாடநூல்கள் அன்னாரின் வாழ்வை வெற்றிகளின் வரிசையாகவே காட்டிச் செல்கின்றன. அவ்வரிசையின் நடுவே ஒரு பெரும் வீழ்ச்சி இருந்தமையைப் பலர் அறியார். தமது 45ஆம் வயதிலே பாஸ்டர் பாரிசவாதத்தால் தாக்கப்பட்டார். இடப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. உலகம் அவரை இன்று போற்றுவதற்குக் காரணமான பணிகளுட் பெரும்பாலானவை அந்நோய்க்குப் பின்னரே நிகழ்ந்தன.

பிரான்சு நாட்டின் டோல் என்னும் சிற்றூரிலே, தோல் பதனிடுவார் ஒருவரின் மைந்தராக 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். இரசாயனத்தை விரும்பிக் கற்று, 1848இல் பளிங்குகள் பற்றிய ஆராய்ச்சியால் அறிஞரிடையே பெயர் பெற்றார். அடுத்த ஆண்டு மரி லோரன் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதியும், அவர்தம் பரிசோதனைகளைப் பற்றிக் கேட்டறிந்தும் வாழ்ந்த அவ்வம்மையார், பின்னாளில் அவருக்கு இரண்டாவது கையாகவே விளங்கினார்.

1865ஆம் ஆண்டில் தென்பிரான்சின் பட்டுத்தொழில் அழியும் நிலையை எய்தியிருந்தது. பட்டுப்புழுக்கள் இனந்தெரியாத நோயால் மடிந்தன. தம் ஆசானாகிய டூமாவின் வேண்டுகோளை மறுக்க இயலாது, பட்டுப்புழுவையே முன்னர்க் கண்டறியாத பாஸ்டர் அலே என்னும் ஊருக்குப் புறப்பட்டார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார்; இரண்டு வயது மகள் கமீல் மாண்டாள். அடுத்த ஆண்டில் பன்னிரண்டு வயது மகள் செசில் நெருப்புக் காய்ச்சலுக்கு இரையானாள். மூத்த மகள் ஜான் 1859இலேயே அதே நோயால் இறந்திருந்தாள். மூன்று பெண்மக்களைப் பறிகொடுத்த தந்தை, துயரை ஆற்றும் வழி வேறறியாது, நுண்பெருக்குக்கண்ணாடியின் முன் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்.

1868ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் காலையில், இடப்பக்கத்திலே ஒருவகை விறைப்பும் கூச்சமும் தோன்றுவதை அவர் உணர்ந்தார். பகலுணவின் பின் உடலிலே நடுக்கங் கண்டது. ஆயினும், இத்தாலிய அறிஞர் ஒருவரின் கட்டுரையை அன்று பரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தமையால், மனைவியார் கவலையுற்றதையும் பொருட்படுத்தாது கழகஞ் சென்று, கட்டுரையைத் தெளிவான குரலில் வாசித்து முடித்தார். நண்பர்கள் துணைவர வீடு திரும்பி, சிறிது உண்டு, நேரத்துடன் படுக்கைக்குச் சென்றார். படுத்ததும் காலையில் தோன்றிய குறி மீண்டும் வந்தது. நா சிறிது நேரம் எழவில்லை. பேச்சுத் திரும்பியபோது உதவிக்கு அழைத்தார். இரவு கழிவதற்குள் இடக்கையும் இடக்காலும் படிப்படியாக அசைவற்றன. அறிவு மட்டும் கலங்கவில்லை.

அக்கால வைத்தியம் இந்நோயைப் பற்றி அறிந்தது சிறிதே. மூளையிற் குருதி கசிவதால் இந்நோய் வருதல் உண்டென்பதைச் சுவிற்சர்லாந்து வைத்தியர் வெப்பர் 1658இல் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து காட்டியிருந்தார். குருதிக்கட்டி குழாயை அடைப்பதனாலும் இது நேரலாம் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மானியர் விர்ஷோவின் ஆராய்ச்சியால் விளங்கியது. மொழியாற்றலுக்குரிய இடம் மூளையின் இடப்பாதியில் உள்ளதென்ற உண்மைக்கு, பாஸ்டர் வாழ்ந்த பரிஸ் நகரிலேயே 1861 முதலாகப் புரோக்கா வழிகாட்டி வந்தார். பாஸ்டருக்கு ஊறு நேர்ந்தது உடலின் இடப்பக்கத்தில். அதனை இயக்குவது மூளையின் வலப்பாதி. அதனாலேதான் அவர்தம் பேச்சும் எழுதும் கையும் பிழைத்தன எனலாம். ஆனால் இவ்வறிவு எதுவும் நோயாளிக்கு மருந்தாக மாறியிருக்கவில்லை. பதினாறு அட்டைகளைக் காதுகளின் பின்னே விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்ததே வைத்தியர் செய்யக்கூடியதாயிருந்தது.

மரணம் அணுகிவிட்டதென்றே யாவரும் எண்ணினர். நோயாளியோ விஞ்ஞானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாரமுங் கழியுமுன், பட்டுப்புழுவைச் சோர்ந்து சாகச் செய்யும் நோயை முன்கூட்டி அறியும் வழியைத் தம் மாணவர் ஜெர்னேயிடம் படுக்கையிற் கிடந்தவாறே சொல்லி எழுதுவித்தார். அக்குறிப்பு விஞ்ஞானக் கழகத்தில் வாசிக்கப்பட்டது.

இவ்வேளையில் நிகழ்ந்த ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. அவருக்கென அமைக்கப்பட்டு வந்த புதிய ஆய்வுகூடத்தின் வேலை சத்தமின்றி நிறுத்தப்பட்டது. இறக்கப்போகும் ஒருவருக்கு ஆய்வுகூடம் எதற்கு என அதிகாரிகள் கருதினர் போலும். தம் உயிர் முடிவதற்கு முன்னரே தம் பணி முடிந்ததாகப் பிறர் கணக்கிட்டுவிட்டமை, நோயினும் மிகுதியாக அவரை வருத்தியது. செய்தி பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு எட்டியதும், வேலையைத் தொடருமாறு கட்டளை பிறந்தது.

நவம்பர் மாத இறுதியில்தான் அவர் முதன்முறையாகப் படுக்கையை விட்டு நாற்காலியில் அமர முடிந்தது. 1869ஆம் ஆண்டு ஜனவரியில், நோய்கண்டு மூன்று திங்களே ஆன நிலையில், புகையிரதத்திற் படுத்தவாறு மீண்டும் தென்பிரான்சுக்குச் சென்றார். அங்கே முடங்கிய உடலோடு அமர்ந்து ஆணையிட, மாணவர் அவற்றை நிறைவேற்றினர். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை நசுக்கி, நுண்பெருக்குக்கண்ணாடியால் நோக்கி, நோய்த்துணிக்கைகள் காணப்படின் அதன் முட்டைகளை அழித்துவிடுதலே அவர் வகுத்த வழி. மனைவியாரும் எஞ்சிய மகளும் புழு வளர்த்தனர். 1870இல் பட்டுப்புழு நோய்கள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

இடக்கை முன்போல் ஆகவில்லை. நடக்கும்போது இடக்கால் இழுபட்டது. நுண்ணிய கைவேலை வேண்டும் பரிசோதனைகளைத் தாமே செய்து பழகிய ஒருவருக்கு இஃது எத்தகைய இழப்பென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாஸ்டர் இழந்த கையை நினைந்து வேலையைக் கைவிடவில்லை. பிறர் கைகளைத் தம் கைகளாக்கிக்கொண்டார். ரூ, ஷாம்பர்லான் முதலிய இளைஞர் அவர் கண்ணெதிரே கருவிகளைப் பிடித்தனர். 1880ஆம் ஆண்டளவிற் கோழிக் கொலராவின் கிருமியை வலுவிழக்கச் செய்து நோய்த்தடுப்புக்கு வழி கண்டதும், 1881இல் பூயி-லெ-போர் என்னுமிடத்திலே, ஊசியேற்றிய ஆடுகள் அந்திராக்ஸ் நோய்க்குத் தப்பிநிற்க, ஏற்றாதவை மடிந்ததைப் பலர் அறியக் காட்டியதும் இக்காலத்தனவே. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்தரைத் தாயார் அழைத்து வந்தபோது, பாஸ்டர் வைத்தியராகப் பட்டம் பெற்றவரல்லர் ஆதலின், வைத்தியர் கிராஞ்சேயே ஊசியேற்றினார். பத்து நாள்களிற் பதின்மூன்று ஊசிகள், சிறுவன் பிழைத்தான். அந்த வெற்றியைக் கண்டபோது பாஸ்டர் பதினேழு ஆண்டுகளாக ஊனமுற்றவராய் வாழ்ந்திருந்தார்.

1887ஆம் ஆண்டு ஒக்டோபரில் நோய் மீண்டும் வந்தது. இம்முறை பேச்சுப் பாதிப்புற்றது. 1888 நவம்பர் 14ஆம் நாள் பாஸ்டர் நிறுவகம் திறக்கப்பட்டபோது, அவரது உரையை மகனே வாசிக்க நேர்ந்தது. பல நாட்டு மக்களின் நன்கொடையால் எழுந்த அம்மாளிகையில், தாம் முன்போலப் பணியாற்ற இயலாமையை உணர்ந்தவராய் அவர் நுழைந்தார். 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. முதல் தாக்குதலின் பின் அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 27 ஆண்டுகள்.

அவர் மறைந்த மறுஆண்டில், 1896இல், இத்தாலிய வைத்தியர் ரீவா-ரொச்சி கையிற் பட்டி சுற்றிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். உயர்ந்த குருதியமுக்கமே பாரிசவாதத்தின் முதன்மைக் காரணமென்பதையும், புகைத்தல், நீரிழிவு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியன அதற்குத் துணைநிற்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் நிறுவின. 1971இல் இலண்டனில் முதன்முறை பயன்பட்ட கணினிக் கதிர்ப்படமுறை, உயிரோடிருக்கும் நோயாளியின் மூளையிலே நிகழ்ந்தது குருதிக்கசிவா அடைப்பா என அறிய வழிவகுத்தது. பாஸ்டர் இறந்து நூறாண்டு நிறைந்த 1995இல், அடைப்பினால் நோயுற்றோருக்கு மூன்று மணி நேரத்துள் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் ஊனம் குறைகின்றதென அமெரிக்க ஆராய்ச்சியொன்று காட்டியது; பின்னர் அவ்வெல்லை நாலரை மணியாக நீண்டது. பெரிய குழாய்களின் அடைப்பை மெல்லிய குழாய் செலுத்தி அகற்றும் முறையின் பயனை 2015ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன. தேறும் காலம் பற்றியும் தெளிவு பிறந்துள்ளது. பயிற்சியால் மூளை இழந்த தொழில்களிற் சிலவற்றை மீளக் கற்கின்றது. ஆயினும், முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அளவுக்கு மிஞ்சி எழுப்பி நடத்துதல் நன்மை தருவதில்லை என்பதும் 2015இல் வெளிவந்த பெரும் ஆராய்ச்சியொன்றால் அறியப்பட்டது. ஆகவே பாஸ்டரின் மனவுறுதியைப் போற்றுவோர், நோயுற்றவரை அவசரப்படுத்துதல் தகாது.

அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. அன்று காலையில் தோன்றிய குறியைப் பொருட்படுத்தாது கட்டுரை வாசிக்கச் சென்ற பாஸ்டரை நாம் பின்பற்றலாகாது. அவர் காலத்தில் விரைந்து சென்றாலும் அட்டைகளே காத்திருந்தன. இன்றோ முகங் கோணுதல், கை சோர்தல், நாக்குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றிய கணமே வைத்தியசாலையை அடைவோருக்கு நல்வாழ்வு மீளக் கிடைத்தல் கூடும். இரண்டாவது, நோயாளியின் சுற்றத்தாருக்கு உரியது. பாரிசவாதம் கண்ட ஒருவரை மூலையிற் கிடத்தி, அவர் காலம் முடிந்ததென முடிவுகட்டுதல் எளிது. பரிஸ் நகரத்து அதிகாரிகள் ஆய்வுகூட வேலையை நிறுத்தியபோது செய்ததும் அதுவே. மனைவியும் மகளும் மாணவரும் அவ்வாறு கருதவில்லை. அவர் சொல்ல எழுதினர். அவர் காட்டிய இடத்தில் நோக்கினர். அவருக்கு வேலை உண்டென நம்பினர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உயிர்பெற்று வீடு திரும்பியமைக்கு அந்நம்பிக்கையும் ஒரு காரணமாகும்.