வீதிக்கு நெறி வகுத்த வில்லியம் ஈனோ

மோட்டார் வண்டி ஓட்டக் கல்லாத ஒருவர் மாநகர் வீதிகளுக்கு விதி வகுத்தார் என்பது வியப்பன்றோ! அவரே வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்னும் அமெரிக்கர்.

1858ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே செல்வக் குடியிற் பிறந்தார் ஈனோ. ஒன்பது வயதிலே தாயாருடன் குதிரை வண்டியிற் சென்றபோது வீதி நெருக்கடியொன்றில் அகப்பட்டார். ஆங்கு நின்றவை ஏறக்குறையப் பன்னிரண்டு வண்டிகளே. எனினும் யார் முந்துவது, யார் ஒதுங்குவது என்பதைச் சாரதிகளும் அறியார், காவலரும் அறியார். நெருக்கடிக்குக் காரணம் வண்டிகளின் மிகுதியன்று, நெறியின்மையே என்னும் உண்மை அப்பிள்ளையுள்ளத்திற் பதிந்தது.

வீதிச் சீர்திருத்தத்தை வற்புறுத்தி 1900இல் அவர் கட்டுரை வரைந்தார். அவர் வகுத்த விதிகளை 1903இல் நியூயோர்க் பொலிசார் ஏற்றனர். அந்நாட்டு வழக்கின்படி, மெதுவாகச் செல்லும் வண்டிகள் வலப்புற ஓரத்தை அணைந்து செல்லல் வேண்டும். முந்துவோர் இடப்புறமாக முந்தல் வேண்டும். திரும்புமுன் கையாலோ சவுக்காலோ குறிகாட்டல் வேண்டும். மக்கள் அறியாத விதியாற் பயனில்லை என்பதை உணர்ந்த ஈனோ, தம் பொருளைச் செலவிட்டே அவற்றை அச்சிடுவித்துப் பரப்பினார்.

சந்தியில் வண்டிகள் யாவும் ஒரே திசையிற் சுற்றிச் செல்லும் முறை, 1905இல் அந்நகரின் கொலம்பஸ் வட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்து லண்டன், பாரிஸ் நகரங்களின் வீதி ஒழுங்குக்கும் அவர் நெறி வகுத்துதவினார். 1921இல் இவ்வாய்வுக்கெனத் தம் பெயரால் ஒரு நிறுவனத்தை அமைத்து, 1945இல் மறைந்தார்.

பதவி வந்தபின் பொதுப்பணி ஆற்றுவோமெனக் காத்திருக்கும் மாணவர்காள்! ஈனோ எப்பதவியையும் எதிர்நோக்கினாரல்லர். கண்ட குறையொன்றைத் தம் கடனாகக் கொண்டார். அஃதொன்றே அவர் தகுதி.