சேற்றில் பொன் எடுத்த டாடா

நாக்பூரில் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. கால் வைத்தால் புதையும். அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கினார். வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். வட்டிக்குப் பணம் கொடுக்கும் சேட் ஒருவர், கடன் தர மறுத்துவிட்டார். பொன்னைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுகிற ஆளை நம்பி எப்படிப் பணம் கொடுப்பது என்று அவர் கேட்டார்.

நிலத்தை வாங்கியவர், ஜாம்ஷெட்ஜி டாடா.

வீட்டை விற்ற குடும்பம்

டாடா 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தார். பார்சி புரோகிதர் குடும்பம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1858-ல் தேறினார். பிறகு தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலம் அது. அங்கிருந்து பஞ்சு வராததால், இந்தியப் பஞ்சுக்குச் சீமையில் ஏக கிராக்கி. 1865-ல் சண்டை நின்றது. பஞ்சு விலை சரிந்தது. பம்பாய் வியாபாரிகள் பலர் ஓட்டாண்டி ஆனார்கள்.

அப்போது டாடா இங்கிலாந்தில் இருந்தார். அவர் ஓடி ஒளியவில்லை. கடன்காரர்களை நேரில் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். இங்கே தந்தை வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு லாபமும் கிடைத்தது. லங்காஷயர் ஆலைகளைக் கண்ணால் பார்த்தார். நம் பஞ்சு கப்பல் ஏறிப்போய், துணியாகத் திரும்பி வருகிறது. இங்கேயே நூற்றால் என்ன என்று யோசித்தார்.

பஞ்சு விளையும் இடத்தில் ஆலை

அந்த நாளில் ஆலை என்றால் பம்பாயில்தான் வைப்பார்கள். டாடாவின் கணக்கு வேறு. பஞ்சு விளையும் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். நிலக்கரி கிடைக்க வேண்டும். ரெயில் வசதி வேண்டும். மூன்றும் நாக்பூரில் இருந்தன.

1874-ல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கினார். 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஆலை ஓடத் தொடங்கியது. விக்டோரியா ராணி, இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கப்பட்ட நாள் அது. அதனால் ஆலைக்கு எம்பிரஸ் மில் என்று பெயர் வைத்தார்.

முதலில் வாங்கிய எந்திரங்கள் சரியில்லை. நூல் மட்டமாக வந்தது. டாடா தயங்காமல் எந்திரங்களை மாற்றினார். புதிதாக வந்திருந்த ரிங் கதிர்களைக் கொண்டு வந்தார். சீமை ஆலைகளே அவற்றை ஏற்கத் தயங்கிய காலம் அது. அந்தக் கதிர்கள் வேகமாக நூற்றன.

ஆலை லாபத்தில் ஓடியது. சிரித்த சேட்டும் ஒரு நாள் தோல்வியை ஒப்புக்கொண்டார். டாடா பொன்னைக் கொட்டவில்லை, மண்ணைக் கொட்டிப் பொன்னை எடுத்தார் என்று அவரே சொன்னார்.

சட்டத்துக்கு முன்னே

தொழிலாளிகள் அடிக்கடி வேலைக்கு வராமல் நின்றார்கள். மற்ற முதலாளியாக இருந்தால் அபராதம் போட்டிருப்பார். டாடா, நிலைத்து வேலை செய்ய ஆசை வரும்படி செய்தார்.

ஆலைக்குள் புழுக்கம் குறையவும், காற்று வரவும் வசதி செய்தார். தீயை அணைக்க, கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வைத்தார். 1886-ல் ஓய்வூதிய நிதி தொடங்கினார். 1895-ல், விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஏற்பாடு செய்தார்.

நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் செய்தது எப்போது தெரியுமா? 1923-ல். அதற்கு 28 ஆண்டு முந்தியே நாக்பூர் தொழிலாளிக்கு அது கிடைத்தது.

1903-ல் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டலைத் திறந்தார். மறு ஆண்டு மே 19-ந் தேதி, ஜெர்மனியில் காலமானார். அவர் கனவு கண்ட எஃகு ஆலையும், நீர்மின்சாரமும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் அவர் மறைவுக்குப் பிறகு எழுந்தன. எஃகு ஆலை இருக்கும் ஊர், அவர் பெயரால் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

ஆலை எங்கே?

முதல் பொன்னைக் கொடுத்த நாக்பூர் ஆலை என்ன ஆயிற்று?

காலம் மாறியது. பழைய எந்திரங்களால் போட்டி போட முடியவில்லை. 1986-ல் மகாராஷ்டிர அரசு ஆலையை எடுத்துக்கொண்டது. 2002-ல் மூடிவிட்டார்கள். ஊரின் நடுவே இருந்த நிலத்துக்கு நல்ல விலை. கட்டிடங்களை இடித்தார்கள். அங்கே பெரிய கடை வளாகம் வந்தது. அதற்கும் எம்பிரஸ் என்றுதான் பெயர். பெயர் மட்டும் மிஞ்சியது.

நஷ்டத்தில் ஓடும் ஆலையை என்றைக்கும் நடத்த முடியாது. அது நியாயம். ஆனால் கட்டிடத்தையும் இடிக்கத்தான் வேண்டுமா? லண்டனில் மூடிக்கிடந்த மின்சார நிலையத்தை இடிக்கவில்லை. 2000-ம் ஆண்டில் அதை ஓவியக் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். உயரமான புகைபோக்கி அப்படியே நிற்கிறது.

டாடா கட்டிய ஓட்டல் இன்றும் கடற்கரையில் கம்பீரமாக நிற்கிறது. அங்கே தங்கியவர்கள் ராஜாக்களும் சீமான்களும். ஆலையில் உழைத்தவர்கள், பஞ்சுத் தூசியில் தலைமுறை தலைமுறையாக நின்ற ஏழைகள். ஓட்டலைக் காத்தோம். ஆலையை விட்டுவிட்டோம்.

பெரியவர்களின் சிலைக்கு மாலை போடுகிறோம். அவர்கள் வேலை செய்த இடத்தில் ஒரு கூடத்தையாவது, ஒரு புகைபோக்கியையாவது விட்டுவைத்தால், நம் பிள்ளைகள் அதைப் பார்த்தே பாடம் படிப்பார்கள்.