பி.கே.ரோசி: திரையிலிருந்து துரத்தப்பட்ட முதல் நாயகி

ஹாலிவுட்டின் பொற்காலத்தைப் பற்றிப் பேசும் திரை ஆர்வலர்கள், எந்த நாயகிக்கு எந்த நாயகன் பொருத்தமானவன் என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். விவியன் லீக்கு கிளார்க் கேபிளா, லாரன்ஸ் ஒலிவியரா என்று கேட்பார்கள். யார் அருகில் யார் நிற்கலாம், யாரை யார் தொடலாம் என்பதைத் தீர்மானித்த அதிகாரம் எது என்ற கேள்வி மட்டும் அவ்விவாதங்களில் அரிதாகவே எழும். அக்கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு விடை இருக்கிறது. மலையாளத் திரையின் முதல் நாயகியான பி.கே.ரோசியின் வாழ்வே அது.

ரோசியின் இயற்பெயர் ராஜம்மா. 1903ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிச் சென்றிருந்தார். ரோசிக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1915இல், கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் புலையர் பெண்கள், தங்கள் மீது அடிமை அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். மேலாடை அணிவதும், விரும்பிய நகையை அணிவதும் சாதி ஒழுங்குக்கு எதிரான குற்றமாகக் கருதப்பட்ட திருவிதாங்கூரில், அவற்றுக்காகப் போராடிய தலைமுறையின் மகள் அவர்.

இளமையிலேயே தந்தையை இழந்த ரோசி, புல்லறுத்துப் பிழைத்தார். உழைப்புக்கிடையே காக்காரிசி நாடகம் பயின்றார். சிவனும் பார்வதியும் குறவர் வேடத்தில் பூமிக்கு வருவதாகச் சொல்லும், பாட்டும் நையாண்டியும் கலந்த நாட்டார் கலை அது. பெண்கள் மேடையேறுவதே இழிவென்று கருதப்பட்ட காலத்தில், அக்கலையில் தேர்ந்த நடிகையாக அவர் அறியப்பட்டார்.

அப்போதுதான் ஜே.சி.டேனியல் தமது படத்துக்கு நாயகி தேடிக்கொண்டிருந்தார். அகஸ்தீஸ்வரத்தில் நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த டேனியல், சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கியிருந்தார். ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எழுதி, இயக்கி, நாயகனாகவும் அவரே நடித்தார். பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகையுடனான ஏற்பாடு முறிந்தபின், சரோஜினி என்ற நாயகி வேடம் ரோசிக்குக் கிடைத்தது. சரோஜினி ஒரு நாயர் பெண். புலையர் பெண்ணான ரோசி, நாயர் பெண்ணின் உடையும் நகையும் அணிந்து படக்கருவியின் முன் நின்றார்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் வெளியானது. வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வுகள் 1930 அக்டோபர் 23 என்கின்றன. நாள் எதுவாயினும் நடந்தது ஒன்றே. முதல் காட்சிக்கு வந்த மேட்டுக்குடியினருடன் அமர்ந்து படம் பார்க்க ரோசிக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் உருவம் திரையில் தோன்றியதும் ஆதிக்கச் சாதிப் பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். நாயகியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் எடுத்து முத்தமிடும் காட்சியில் வெறி மூண்டது. திரையை நோக்கிக் கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. தொடர்ந்த நாட்களில் ரோசி வேட்டையாடப்பட்டார். அவரது குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது.

கல்லெறிந்தவர்களை ஆத்திரமூட்டியது எது என்பது கவனத்துக்குரியது. அவர்களுக்கு நடிப்பில் குறை எதுவும் இருக்கவில்லை. தங்கள் சாதிப் பெண்ணாக ஒரு புலையர் பெண் தோன்றியதையும், அவர் கூந்தல் பூ முத்தத்துக்குரியதாகக் காட்டப்பட்டதையுமே அவர்களால் ஏற்க இயலவில்லை. தொடுதலைத் தடுத்த தீண்டாமை, தொடுதலின் நிழற்படத்தையும் தடுக்கப் புறப்பட்டது.

கடல் கடந்த ஹாலிவுட்டில் இதே வேலையை எழுதப்பட்ட விதிகள் செய்தன. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தணிக்கை நெறி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டத் தடை விதித்தது. 1937இல் வெளியான ‘தி குட் எர்த்’ சீன உழவர்களின் கதை. அதில் நாயகனாக பால் முனி என்ற வெள்ளை நடிகர் தெரிவு செய்யப்பட்டதால், அவருக்கு மனைவியாக நடிக்கும் வாய்ப்பு சீன அமெரிக்கரான அன்னா மே வாங்குக்கு மறுக்கப்பட்டது. அவ்வேடத்தில் நடித்த லூயிஸ் ரெய்னர் ஆஸ்கர் விருது பெற்றார். 1939 டிசம்பரில் ‘கான் வித் த விண்ட்’ அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீயும் கிளார்க் கேபிளும் வரவேற்கப்பட்டனர். அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியல், கறுப்பர் என்பதால் அரங்குக்குள் அனுமதிக்கப்படவில்லை. தான் நடித்த படத்தின் முதல் காட்சியிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணின் கதை அமெரிக்காவுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் நிகழ்ந்திருந்தது.

இருப்பினும் மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் பெற்றார், தொடர்ந்து நடித்தார். ரோசிக்கு இரண்டாவது படம் கிடைக்கவே இல்லை. லாரி ஒன்றில் ஏறித் தெற்கே தப்பிச் சென்ற அவர், லாரி ஓட்டுநரான கேசவ பிள்ளையை மணந்து நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். நாயர் குடும்பத்தின் மருமகளானதோடு, நடிகை ரோசியின் சுவடு மறைந்தது. 1980களின் பிற்பகுதியில் அவர் இறந்தபோது, மலையாளத்தின் முதல் நாயகி மறைந்தார் என்பதை நாடு அறியவில்லை.

பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான், தாம் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைப் பெண் என்று வாழ்நாளெல்லாம் சொல்லி ஹாலிவுட்டில் நாயகியாக நீடித்தார். அவர் பிறப்பை மறைத்தது திரையில் இருப்பதற்காக. ரோசியோ உயிரோடு இருப்பதற்காகப் பிறப்பையும் கலையையும் சேர்த்தே மறைக்க வேண்டியிருந்தது. திரையில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக எரிக்கப்பட்ட வீட்டிலிருந்து தப்பியவர், எஞ்சிய வாழ்நாளை நாயர் வீட்டுப் பெண்ணாகவே கழிக்க நேர்ந்தது.

ரோசி தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார் என்று பலரும் எழுதுகிறார்கள். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டின் பகுதியானது. அவரை விரட்டியதும் அவர் ஒளிந்து வாழ்ந்ததும் ஒரே அரசின் ஆட்சியெல்லைக்குள்தான். பின்னாளில் வரைந்த எல்லைக்கோடு, இரு மாநிலங்களும் அவரை மறப்பதற்கு வசதியாக அமைந்தது.

முதல் படத்தோடு செல்வத்தை இழந்த டேனியலும் வறுமையில் வாடி 1975இல் இறந்தார். ஆனால் 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. ரோசியை நினைவில் நிறுத்தும் வேலையைக் குன்னுகுழி எஸ்.மணி போன்ற எழுத்தாளர்கள் மேற்கொண்டனர். 2013இல் வெளியான ‘செல்லுலாய்ட்’ படத்துக்குப் பிறகே அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது. இன்று கேரளத்துப் பெண் திரைக்கலைஞர்கள் அவர் பெயரில் திரைப்படக் கழகம் நடத்துகின்றனர். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. ‘விகதகுமாரன்’ படச்சுருள் எஞ்சவில்லை. அவர் நடித்ததை இனி எவரும் காண இயலாது.

இக்கட்டுரை எழுதப்படும் ஒரகடத்தில், ஆலைப் பணி முடிந்து விடுதி திரும்பும் இளம்பெண்கள் கைபேசியில் படம் பார்க்கிறார்கள். சேரிகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஊர் எது, தெரு எது என்ற கேள்விக்கு என்ன விடை சொல்வதென்று ஒவ்வொரு அறையிலும் யாரோ ஒருத்தி இன்றும் தயங்குகிறாள். நூறு ஆண்டுகளுக்கு முன் புல்லறுத்த கையோடு படக்கருவியின் முன் நின்ற ரோசியின் கதை, முதலில் சென்று சேரவேண்டியது அவளிடம்தான்.